அந்த வொய்ஸ் கட்டும் எங்கள் பிள்ளைத்தாய்ச்சிகளின் தையலும்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கமெண்ட் போடுகிறவர்கள் போடட்டும். முழுவதையும் வாசித்துவிட்டு எங்களோடு சண்டைக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஜஸாகல்லாஹ்.

சில வாரங்களுக்கு முன்னர் ஊரில் உள்ள குடும்பக் குரூப், பள்ளிக் குரூப், பழைய மாணவர் குரூப் எல்லாவற்றிலும் ஒரு வொய்ஸ் கட் சுற்றியது. பேசியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. "பிரசவத்தில் தைக்கிற நூல் பன்றிக் குடலில் செய்தது. அது உடம்பில் இருக்கும் வரை தொழுகை கூடாது, துஆ ஏற்கப்படாது. நூலை எடுத்துவிடச் சொல்லுங்கள். எல்லாருக்கும் எத்தி வையுங்கள்." நன்மை கிடைக்கும் என்று நம்பி எத்தி வைத்தார்கள். எங்களில் சிலரும்தான். ஆசிரியர்களாகிய நாங்கள் அதில் விதிவிலக்கு என்று பொய் சொல்லப் போவதில்லை.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி, பிரசவமாகி நான்காம் நாள் வீட்டில் படுத்திருந்தாள். வொய்ஸ் கட் மாமியின் போனுக்கு வந்தது. மாமி கெட்டவரல்ல, மருமகளின் தொழுகைக்காகப் பயந்தவர். வீட்டில் இருந்த சின்னக் கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவி, தையலில் இரண்டு மூன்றை அவரே வெட்டி எடுத்துவிட்டார். இரண்டு நாளில் காய்ச்சல், சீழ், பிறகு ஆஸ்பத்திரி. பிள்ளை ஒரு கட்டிலில், உம்மா ஒரு வாட்டில் என்று பத்து நாள் கழிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகம். அந்த வீட்டார் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் இல்லாமல், நாங்கள் சொல்கிறோம்.

இதில் எங்களைக் கொன்ற விடயம் எது தெரியுமா? அந்தப் பிள்ளை நிபாஸில் இருந்தாள். அவளுக்கு அப்போது தொழுகையே கடமை இல்லை. இன்று பிரசவத் தையலுக்குப் பெரும்பாலும் பாவிக்கிற சீக்கிரம் கரையும் நூல் 42 நாள் அளவில் உடம்பிலிருந்து போய்விடும். சாதாரண வகை 56 முதல் 70 நாளுக்குள் போய்விடும். அவள் குளித்துத் தொழுகைக்கு நிற்கும்போது நூலில் பெரும்பகுதி இருந்திருக்காது. பிக்ஹும் தெரியாமல் விஞ்ஞானமும் தெரியாமல் ஒரு பெண்ணின் காயத்தைத் திறந்துவிட்டோம்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், பிரசவ வாட்டின் மிஸ்ஸியிடம் நூலைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பக்கட்டைக் கொண்டுவந்தார். அதில் பொலிகிளக்டின் 910 என்று அச்சடித்திருந்தது. செயற்கை, உறிஞ்சப்படக்கூடியது என்றும் இருந்தது. 910 என்பதற்கு அர்த்தம் உண்டு: 90 பங்கு கிளைக்கொலைட், 10 பங்கு லக்டைட். தயிரைப் புளிக்க வைக்கிற லக்டிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள் அது. உயர்தர இரசாயனவியலில் எசுத்தரின் நீர்ப்பகுப்பு என்று ஒரு பாடம் இருக்கிறதே, மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறக்கிற பாடம், அதுதான் இந்த நூல் உடம்பில் கரைகிற முறை. உடம்பின் தண்ணீர் எசுத்தர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக உடைக்கிறது. கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீரும் மிஞ்சும். பன்றியும் இல்லை, மாடும் இல்லை.

ஒரு பக்கட்டின் லேபிளை வாசிக்க ஒரு நிமிடம் போதும். ஆயிரம் பேர் போர்வர்ட் செய்தோம், ஒருவர் போய் வாசிக்கவில்லை.

சரி, பன்றிக் கதை எங்கிருந்து வந்தது? புகையாமல் நெருப்பில்லை என்கிறவர்களுக்காக அதையும் சொல்கிறோம். குடலில் செய்கிற நூல் உண்மையிலேயே உண்டு. அதன் பெயர் கெட்கட். பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செம்மறியாட்டின் சிறுகுடலில் உட்படைக்கு அடுத்த மெல்லிய படலம், அல்லது மாட்டுக் குடலின் வெளிப்படலம், இவற்றில் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தால் அது ஆனது. குடலை நீளவாக்கில் நாடாவாகக் கீறி, கழுவி, ஈரத்தோடு முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, ஒரே தடிப்புக்கு வருமட்டும் தேய்த்து எடுக்கிறார்கள். ஆடும் மாடும்தான் இதற்கு வழமையான மிருகங்கள். பன்றிக் குடலில் இருந்து எடுக்கப்படுகிற மருந்து வேறு: இரத்தம் உறையாமல் இருக்க ஏற்றுகிற ஹெபரின். எங்கோ ஒருவர் இரண்டையும் குழப்பியிருக்கிறார், மற்றவர்கள் அதற்கு மைக் பிடித்திருக்கிறார்கள். இது எங்கள் ஊகம், ஆனால் வொய்ஸ் கட்டைவிட நியாயமான ஊகம்.

"மாடு என்றாலும் பிஸ்மி சொல்லி அறுத்ததா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதைக் கேட்டவரை நாங்கள் நையாண்டி செய்ய மாட்டோம். ஆனால் அந்தக் கேள்வி இன்று முளைத்ததல்ல. உடைந்த எலும்பைப் பொருத்துவதற்குச் சுத்தமான எலும்பு கிடைக்காதபோது நஜீஸான எலும்பை வைத்தால் என்ன சட்டம் என்று இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள்: வேறு கிடைக்காவிட்டால் அவர் மன்னிக்கப்பட்டவர். அதே பாடத்தின் விரிவுரைகளில் காயம் தைக்கிற நூலும் வருகிறது. எழுநூறு வருடத்துக்கு முன்னர் எங்கள் மத்ஹபின் அறிஞர்கள் நிதானமாக உட்கார்ந்து யோசித்த விடயத்தை, பெயர் தெரியாத ஒருவரின் ஒன்றரை நிமிடக் குரல் தள்ளிவிட்டது. எங்கள் ஊர் மௌலவிமாரில் இந்தப் பாடத்தை ஓதிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் வாய் திறக்கவில்லை. இரண்டுமே பிழை.

இனி, மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். மருத்துவ வதந்தியால் இந்த நாட்டில் எரிந்தவர்கள் நாங்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது? சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்றார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளியை உடைத்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் டொக்டர் சிங்களத் தாய்மாருக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டார்கள். அவர் சிறைக்குப் போனார். ஆதாரம் எதுவும் இல்லை, பின்னர் வேலைக்கும் திரும்ப எடுத்தார்கள். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் எவ்வளவு அழுதோம், "ஒரு ஆள் கூட விசாரித்துப் பார்க்கவில்லையே" என்று எவ்வளவு எழுதினோம். அதே நாங்கள், அதே போனில், ஆஸ்பத்திரியில் எங்கள் பெண்களைக் காப்பாற்றுகிற நூலைப் பற்றி விசாரிக்காமல் அனுப்புகிறோம். அவர்கள் செய்தால் இனவாதம், நாங்கள் செய்தால் தஃவாவா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வதந்தி பரப்புகிறவர்களைவிட இவர்கள் மேல்தான் எங்களுக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இவர்கள் படித்தவர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், "சத்திர சிகிச்சையின் தந்தை அல்-ஸஹ்ராவி, உடம்பில் கரையும் நூலைக் கண்டுபிடித்த முஸ்லிம் விஞ்ஞானி" என்று தலைப்பாகை கட்டிய படத்தோடு ஒரு போஸ்ட். அவருடைய குரங்கு ஊத் வாத்தியத்தின் நரம்பைத் தின்றதாம், அது செரித்ததைப் பார்த்து அவர் கண்டுபிடித்தாராம். அழகான கதை. ஆதாரம் கேட்டால் இன்னொரு போஸ்டைக் காட்டுகிறார்கள்.

அல்-ஸஹ்ராவி பெரிய மனிதர், சந்தேகமில்லை. குர்துபாவுக்குப் பக்கத்தில் 936 அளவில் பிறந்தவர். 30 பாகங்கள் கொண்ட அல்-தஸ்ரீப் என்ற மருத்துவ நூலை 1000ஆம் ஆண்டளவில் முடித்தார். அதன் கடைசிப் பாகம் முழுக்கச் சத்திர சிகிச்சை. ஆயுதங்களைப் படமாகவே வரைந்து வைத்தார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போய், பல நூறு வருடங்கள் ஐரோப்பாவின் பாடப் புத்தகமாக இருந்தது. கிழிந்த குடலைப் பெரிய எறும்புகளின் தலையால் கவ்வவைத்து மூடுவதையும், மிருகக் குடலில் இருந்து எடுத்த நூலால் தைப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் முதலில் சொன்னவர் அவரல்ல. அவருக்கு எண்ணூறு வருடத்துக்கு முன்னரே கலன் என்ற கிரேக்க வைத்தியர் குடல் நூலைப் பற்றி எழுதிவிட்டார். எறும்பு முறை இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. ஸஹ்ராவியின் பெருமை "முதல் ஆள்" என்பதில் இல்லை. முன்னோர் சொன்னதை எடுத்து, தன் கையால் செய்து பார்த்து, எது சரிவந்தது, எதில் நோயாளி மௌத்தானார் என்பதை மறைக்காமல் எழுதினாரே, அதில் இருக்கிறது. அவர் பெயரில் போஸ்ட் போடுகிற எங்களில் யார் கடைசியாக எதையாவது செய்து பார்த்தோம்?

ஏனென்றால் கதை ஸஹ்ராவியோடு முடியவில்லை. குடல் நூலின் கோளாறுகளோடு மனிதர்கள் ஆயிரம் வருடம் மல்லுக்கட்டினார்கள். முதல் கோளாறு கிருமி. மிருகக் குடலோடு நோயும் காயத்துக்குள் போனது. 1860களின் இறுதியில் லிஸ்டர் அதைக் காபோலிக் அமிலத்தில் ஊறப்போட்டார். இரண்டாவது, அது அவசரப்பட்டுக் கரைவது. குடல் நூல் புரதம் என்பதால் நொதியங்கள் அதைத் தின்கின்றன. சாதாரண கெட்கட் ஒரு வாரம், பத்து நாளில் பலத்தை இழந்துவிடும். காயத்தில் கிருமி இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே குரோமியம் உப்பில் பதனிட்டார்கள், தோல் பதனிடுகிற மாதிரித்தான். அதனால் பலம் இரண்டு மூன்று வாரத்துக்கு நீண்டது. மூன்றாவது கோளாறை யாராலும் தீர்க்க முடியவில்லை. அந்நியப் புரதம் என்பதால் உடம்பு அதோடு சண்டை பிடிக்கிறது, காயம் வீங்குகிறது, நோகிறது. ஒரு ஆட்டின் குடல் போல இன்னொரு ஆட்டின் குடலும் இருப்பதில்லை, எனவே எந்த நாளில் எந்த முடிச்சு விடும் என்று நிச்சயமாகச் சொல்ல ஏலாது.

1970களில் செயற்கை நூல் வந்தது. இரண்டையும் பிரசவத் தையலில் ஒப்பிட்ட 18 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து, கொக்ரேன் குழு 2010இல் தொகுத்தது. செயற்கை நூல் போட்ட பெண்களுக்கு முதல் நாட்களில் நோவு குறைவு, நோவு மாத்திரையும் குறைவு, காயம் திறப்பதும் குறைவு. அதற்கும் ஒரு குறை இருந்தது: கரையாமல் உறுத்திய நூலை எடுக்கவேண்டி வந்தவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். சீக்கிரம் கரைகிற வகை அந்தக் குறையைக் குறைத்தது. இதற்கிடையில் மாட்டுப் பைத்திய நோய் வந்தது. 2001இல் பிரித்தானியா கெட்கட்டைப் பாவனையில் இருந்தே எடுத்துவிட்டது.

ஆகவே சகோதரர்களே, உங்கள் மகளுக்காக ஆஸ்பத்திரியில் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. "இது ஹலாலா" என்று போனில் அழுவதற்கு முன்னர், "எந்த நூல் போட்டீர்கள், எத்தனை நாளில் கரையும், கரையாவிட்டால் எப்போது வந்து காட்ட வேண்டும்" என்று கேளுங்கள். மலிவு என்பதற்காகக் கெட்கட் போடப்படுகிற இடம் எங்காவது இருந்தால், அதற்கு எதிராகக் குரல் கொடுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது: எங்கள் பெண்களின் நோவு. அந்தக் காரணம் எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நூல் பன்றியா என்று பதறிய ஆண்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணுக்கு நோகிறதா என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களையும் விடப் போவதில்லை. உடம்புக்குள் என்ன வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. கேட்டால் ஏசுகிற மிஸ்ஸிமாரும் டொக்டர்மாரும் இருக்கும் வரை வொய்ஸ் கட்டுக்கு மவுசு குறையாது. நாங்கள் போன இடத்தில் சிரித்த முகம் கிடைத்தது. எங்கள் பிள்ளைக்கு அவள் பிரசவித்த நேரத்தில் அது கிடைக்கவில்லை.

இயற்கைப் பொருளின் காலம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இங்கேதான் எங்களுக்குப் பேராசை வருகிறது. பக்டீரியாவை வளர்த்து, அது தன் உடம்பில் சேமிக்கிற பல்பகுதியத்தில் இருந்து செய்த கரையும் நூல் 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் மிருகக் குடலும் இல்லை, பலமும் நீண்ட நாள் நிற்கிறது. குரோமியத்துக்குப் பதிலாகக் கார்டீனியா காயில் இருந்து எடுக்கிற ஜெனிபின் என்ற பொருளால் கொலாஜனைப் பிணைத்துப் பார்க்கிறார்கள், உடம்புக்கு நஞ்சு குறைவு என்பதற்காக. இன்னொரு வழி எங்கள் வாவிக்கரையில் நாறிக்கொண்டு கிடக்கிறது: இறால் கோது.

இறால் கோதில் கைட்டின் இருக்கிறது. அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை எடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டில் போட்டுப் புரதத்தை எடுத்து, பிறகு செறிவான சோடியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கினால் கைட்டோசன் வருகிறது. எங்கள் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிற லைசோசைம் என்ற நொதியம் இந்த இனப் பொருளை வெட்டிக் கரைக்கும். இரத்தத்தை நிறுத்தும் குணமும் இதற்கு உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைகள் காயத்தில் வைத்துக் கட்டிய கட்டுத்துணி இதில் செய்ததுதான். (யார் நாட்டில் யார் காயத்துக்கு என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேறு பதிவு.) நூலாக முறுக்கினால் ஈரம் பட்டதும் பலம் குறைகிறது, முடிச்சில் விட்டுவிடுகிறது. அந்த ஒரு சிக்கலை அவிழ்க்கத்தான் உலகின் ஆய்வுகூடங்களில் பாடுபடுகிறார்கள். நண்டைப் பற்றி எங்கள் மத்ஹபில் இழுபறி உண்டு, இறாலில் சர்ச்சை இல்லை. ஹலால் நூல் வேண்டும் என்று உண்மையிலேயே கவலைப்படுகிற ஒரு சமூகம் எதில் காசு போட வேண்டும், சொல்லுங்கள்.

ஹஜ் பெருநாளில் உழ்ஹிய்யா கொடுத்த மாடுகளின் குடலில் பாபத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிடங்கு வெட்டிப் புதைக்கிறோம். சில இடங்களில் வாவியில் தள்ளுகிறோம். அதில் நூல் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டாம். மனித உடம்புக்குள் போகிற நூல் கொல்லைப்புறத்தில் செய்கிற சாமானல்ல. மிருகத்தின் நோய் முதல் கிருமிநீக்கம் வரை ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொலாஜன் என்றால் என்ன என்று காட்ட அந்தக் குடலில் ஒரு முழம் போதும். இறால் கோது ஒரு பிடியும் ஆய்வுகூடத்து ஐதான அமிலமும் போதும், கோது நுரைத்து மெல்லிய தாளாக மாறுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. கடந்தகால வினாத்தாள் செய்தோம். இது எங்கள் மீதான குற்றச்சாட்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒலுவிலில் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம், பேராதனையில் மிருக வைத்திய பீடம், ஹோமாகமையில் நனோ தொழில்நுட்ப நிறுவனம் என்று எல்லாம் இந்தத் தீவுக்குள்தான். எங்கள் பிள்ளைகள் போகிறார்கள், பட்டம் எடுக்கிறார்கள், வெளிநாடு போகிறார்கள் அல்லது எங்களைப் போல ஆசிரியராகிறார்கள். மெடிசின் கிடைத்த பிள்ளைக்குப் பள்ளியில் மாலை போடுகிறோம். விஞ்ஞானத்தில் ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளையிடம் "எப்ப மகள் வேலை எடுக்கிற?" என்று கேட்கிறோம். 2022இல் மருந்து இல்லாமல் மலைநாட்டின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலேயே திட்டமிட்ட ஒபரேஷன்களை நிறுத்தினார்களே, அப்போது டொலர் இல்லாத நாட்டுக்கு நூலும் ஊசியும் எங்கிருந்து வரும் என்று ஒருவருக்காவது யோசனை வந்ததா?

பள்ளி நிருவாகத்தாரிடம் மூன்று விடயம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ஸகாத், ஸதகா நிதியில் உலமாக்கள் அனுமதிக்கிற பகுதியில் இருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வருடம் ஒரு பிள்ளைக்காவது உதவ வேண்டும். மருத்துவ வதந்தி வந்தால் ஒரு மௌலவியும் ஒரு டொக்டரும் சேர்ந்து அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும், பள்ளியின் ஸ்பீக்கரிலேயே. கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கில் தையலைப் பற்றித் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டும். எழுதித் தர நாங்கள் தயார், டொக்டர் ஒருவர் சரிபார்த்தால் போதும். பதில் இன்னும் வரவில்லை.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருப்போம். மிஸ்ஸி தந்த வெறும் பக்கட் இருக்கும், இறால் கோதும் இருக்கும். பெண்களுக்குத் தனியாக இடம் ஒழுங்கு செய்திருக்கிறோம், டீச்சர்மார் பேசுவார்கள். மாமிமார் கட்டாயம் வரவும். அந்த வொய்ஸ் கட்டை அனுப்பியவர்களும் வரலாம். பெயர் கேட்க மாட்டோம், போனை மட்டும் கொண்டு வாருங்கள், நீங்கள் அனுப்பிய குரூப்புகளுக்கு அங்கிருந்தே திருத்தத்தையும் அனுப்பிவிடலாம்.